பல்செட்டின் உள்பக்கத்தைச் சோதிக்காமல் 'கிருமி எதிர்ப்பு' என்று அச்சிடாதீர்கள்

பல்செட் அடித்தளப் பிசினுக்கு, அதாவது செயற்கைப் பற்களைத் தாங்கும் ஈறுநிற அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு, தர அளவுகோல் வகுக்கும் குழுவினருக்கும், அந்தப் பிசினைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்.

'பாக்டீரியாவை எதிர்க்கும்', '99 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்' என்று அச்சிட்ட அக்ரிலிக் பவுடர் டப்பாக்கள் எங்கள் வேலை மேசைக்கு வந்து சேர்கின்றன. டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கிருமியை வைத்துச் சோதித்தார்கள், எத்தனை மணி நேரம் விட்டார்கள், பரப்பில் எச்சில் பட்டிருந்ததா, அந்தப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. விற்பனையாளரிடம் கேட்டால் தரச் சான்றிதழை நீட்டுகிறார்.

அந்தச் சான்றிதழில் இருப்பது எங்களுக்குத் தெரியும். அடித்தளப் பிசினுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 20795-1. 2013இல் வெளியான பதிப்பின்படி, சூட்டில் இறுகும் பிசின் வளைவு விசையில் குறைந்தது 65 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். வளைவுக் கெட்டிமை 2000 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. இறுகாமல் தங்கிவிடும் மோனோமர் (பிசினாக இறுகும் மூலத் திரவம்) எடையில் 2.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீரை ஒரு கன மில்லிமீட்டருக்கு 32 மைக்ரோகிராமுக்கு மேல் உறிஞ்சக் கூடாது, 1.6 மைக்ரோகிராமுக்கு மேல் கரையக் கூடாது. நிறம் மாறாமை, நுண்துளை இல்லாமை ஆகியவற்றுக்கும் விதி உண்டு. அத்தனையும் தேவையான விதிகள்தாம். ஆனால் அந்தப் பரப்பில் எவ்வளவு கிருமி ஒட்டலாம், எச்சில் பட்ட பிறகு எவ்வளவு ஒட்டும் என்பதற்கு அதில் ஒரு அளவும் இல்லை. ஆகவே அந்தச் சான்றிதழைக் காட்டி 'கிருமி எதிர்ப்பு' என்ற வாசகத்தை நியாயப்படுத்த முடியாது. தரம் வகுத்தவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது. இதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் பேசாமல் இருக்க முடியவில்லை.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். மேல் பல்செட்டைக் கழற்றினால் அது மூடியிருந்த அளவுக்கு, கோடு போட்டது போல, அண்ணம் சிவந்திருப்பதைப் பல் மருத்துவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள், பரவலான சிவப்பு, மணிமணியாகத் தடித்த திசு என்று இந்த அழற்சியை மூன்று நிலைகளாக 1962இலேயே நியூட்டன் வகைப்படுத்திவிட்டார். முதன்மைக் குற்றவாளி கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. அது தனியாக வருவதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் முதலில் ஒட்டி இடம் பிடித்துக் கொடுக்க, பூஞ்சை அவற்றின்மேல் ஏறி இழைவிட்டு வளர்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பல்செட்டில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கிளெப்சியெல்லா போன்ற நுரையீரலைத் தாக்கும் கிருமிகளும் கிடைக்கின்றன. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டைக் கழற்றாமல் தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இதை வாயோடு நின்றுவிடும் சின்ன உபாதையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி எங்கள் குறையின் மையத்துக்கு வருகிறோம். கிருமி ஒட்டும் இடமும் நீங்கள் சோதிக்கும் இடமும் வேறு வேறு.

பல்செட்டுக்கு இரண்டு முகங்கள். கன்னமும் நாக்கும் தொடும் வெளிப்பக்கத்தைக் கார்பைடு பர், உப்புத்தாள், பியூமிஸ் குழம்பு, பிறகு பளபளப்பூட்டும் பசை என்று படிப்படியாகத் தேய்க்கிறோம். ஒழுங்காகச் செய்தால் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழே எவ்வளவு வழவழப்பாக்கினாலும் பாக்டீரியா ஒட்டுவது மேற்கொண்டு குறைவதில்லை என்பது 1997 முதல் துறையில் ஏற்கப்பட்ட எல்லை. அண்ணத்தில் படியும் உள்பக்கத்தை நாங்கள் தேய்ப்பதே இல்லை. தேய்த்தால் பொருத்தம் கெடும். அண்ணத்தோடு ஒட்டி உறிஞ்சிப் பிடிக்கும் பிடிப்பு போய்விடும். எனவே ஜிப்சம் அச்சின் மணல் போன்ற பரப்பு அப்படியே பிசினில் பதிகிறது. அந்தச் சொரசொரப்பு 0.2 மைக்ரானைப் போல் பல மடங்கு. ஒரு பாக்டீரியா சுமார் ஒரு மைக்ரான், பூஞ்சைச் செல் நான்கைந்து மைக்ரான். அவை பதுங்குவதற்கு ஏற்ற குழிகள் அங்கேதான் இருக்கின்றன. நாக்கின் உரசலும் உமிழ்நீரின் ஓட்டமும் எட்டாத பக்கமும் அதுவேதான். சிவப்பதும் அந்தப் பக்கம் தொடும் அண்ணம்தான்.

உங்கள் ஆய்வறிக்கைகளில் வருவதோ கண்ணாடிபோல் தேய்த்த தட்டை வில்லை.

உள்பக்கம் எப்படி அமைகிறது என்பதில் வேலை செய்பவரின் கைக்கும் உங்கள் வழிமுறைத் தாளுக்கும் சமபங்கு உண்டு. ஜிப்சம் அச்சுக்குள் இருக்கும் மெழுகு மாதிரியை உருக்கி வெளியேற்றிய பிறகு சோப்புத் தண்ணீரும் சுத்தமான கொதிநீரும் ஊற்றிக் கழுவாவிட்டால் மெழுகுப் பிசுக்கு தங்கும். ஜிப்சமும் பிசினும் ஒட்டாமலிருக்க அதன்மேல் தடவும் சோடியம் ஆல்ஜினேட் பூச்சு திட்டுத்திட்டாக உடையும். ஈரத்தோடு பிசின் இறுகி வெளுக்கும். ஜிப்சம் மணிகள் பிசினோடு ஒட்டிக்கொண்டு வரும். பூச்சைக் கனமாகத் தடவினாலும் தப்பு. பள்ளங்களில் தேங்கிக் காய்ந்து சுருக்கம் பதியும். இளஞ்சூடான ஜிப்சத்தில் மெல்லியதாக இரண்டு தடவை, முதல் பூச்சு காய்ந்த பின் இரண்டாவது என்பதே சரி. அச்சில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த இடத்தில் பிசின் முள்ளாக நீட்டும். அதைச் சுரண்டி எடுத்த தழும்பிலும் கேண்டிடா படியும். இவற்றில் எதையும் கிருமியோடு தொடர்புபடுத்தி எந்த வழிமுறைத் தாளும் எச்சரிப்பதில்லை.

நுண்துளையின் கதை இன்னும் மோசம். பிசினுக்காகக் கலக்கும் பவுடரும் லிக்விடும் (மோனோமர்) கன அளவில் 3க்கு 1. லிக்விட் தனியாக இறுகினால் 21 சதவீதம் சுருங்கும்; சரியான கலவையில் சுமார் 6 முதல் 7 சதவீதமாகக் குறையும். இளகலாக இருந்தால் பிடிக்க வசதி என்று லிக்விடைக் கூட்டினால் சுருக்கமும் கூடும், இறுகாத மோனோமரும் கூடும். இழுத்தால் நூல் வரும் பதத்தில் அச்சுக்குள் வைத்தால் அழுத்தம் நிற்காமல் உள்ளே துளை விழும். கையில் ஒட்டாத மாவுப் பதத்தில் வைக்க வேண்டும். மோனோமரின் கொதிநிலை 100.8 பாகை செல்சியஸ். இறுகும்போது பிசின் தானே வெப்பம் வெளியிடுவதால், ஃப்ளாஸ்கை (ஜிப்சம் அச்சை வைத்து மூடும் உலோகப் பெட்டியை) நேராகக் கொதிநீரில் போட்டால் தடித்த பகுதிக்குள் மோனோமர் கொதித்துக் குமிழியாகும். 74 பாகையில் 8 மணி நேரம், அல்லது 74 பாகையில் 2 மணி நேரமும் பிறகு 100 பாகையில் 1 மணி நேரமும் என்பது பழைய, நம்பகமான முறை. அவசரத்துக்காக 20 நிமிடக் கொதிப்பில் முடியும் பவுடர்களை நீங்கள் சந்தைக்குக் கொண்டுவருகிறீர்கள். அதில் தவறில்லை, அதற்கென்றே வடிவமைத்த பவுடராக இருந்தால். ஆனால் குறுகிய கொதிப்பில் செய்த பல்செட்டின் தடித்த பகுதியில் துளை எவ்வளவு, அதில் கிருமி எவ்வளவு தங்குகிறது என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். வெட்டிக் காட்டாத நுண்துளை கண்ணுக்குத் தெரியாது. உடைந்த பல்செட்டை ஒட்டும்போது வரும் நாற்றம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, நீங்கள் சேர்க்கும் பொருட்கள்.

வெள்ளி நானோ துகள் கிருமியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. வெள்ளி அயனி வெளியேறினால்தான் கொல்லும். ஆனால் உமிழ்நீரில் குளோரைடு இருக்கிறது; கந்தகம் கொண்ட புரதங்கள் இருக்கின்றன. இரண்டும் அந்த அயனியைக் கட்டிப்போடும். அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் ஈறுநிறம் பழுப்பேறுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகி, அந்தக் கட்டியிலிருந்து விரிசல் தொடங்குகிறது. முதல் வாரத்தில் அதிகமாக வெளியேறிப் பிறகு சொட்டுச்சொட்டாகக் குறையும் பொருளில் வேறோர் ஆபத்தும் உண்டு. கொல்லப் போதாத குறைந்த அளவில் நெடுநாள் பழகும் கிருமி அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

டைட்டானியம் டை ஆக்சைடு பற்றிய விளம்பரங்கள் எங்களுக்குக் கோபமே தருகின்றன. வழக்கமான அனடேஸ் வகை, புற ஊதா ஒளி பட்டால்தான் கிருமியைச் சிதைக்கும் வினையைத் தொடங்கும். அண்ணத்துக்கும் பல்செட்டுக்கும் நடுவே இருட்டு. அங்கே எந்த ஒளி வரும்? ஆய்வுக்கூட விளக்கின் கீழ் எடுத்த எண்ணை வாய்க்குள் வேலை செய்யும் எண்ணாக விற்பது முறையல்ல.

பிசினோடு வேதிப்பிணைப்பில் சேரும் குவாட்டர்னரி அம்மோனியம் மெத்தக்ரிலேட்டுகளை நாங்கள் மதிக்கிறோம். 1994இல் பல் நிரப்பும் பிசின்களுக்காக இந்த வகையைச் சேர்ந்த எம்.டி.பி.பி. என்ற பொருள் அறிமுகமானதிலிருந்து இவற்றில் நேர்மையான உழைப்பு நடந்திருக்கிறது. இவற்றின் நேர்மின்னூட்டம், தொட்ட பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கிறது. கரைந்து வெளியேறுவதில்லை என்பதால் தீர்ந்துபோவதில்லை. சிக்கல் உமிழ்நீரில்தான். பல்செட் வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதம் மெல்லிய போர்வையாகப் படிந்து, கொல்லும் முனைகளை மூடிவிடுகிறது. செத்த பாக்டீரியாக்களும் அங்கேயே ஒட்டிக்கிடந்து, அடுத்து வருபவற்றுக்குப் பாயாகின்றன. அளவு கூடினால் பிசின் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். உறிஞ்சினால் வளைவு வலு குறையும்.

எங்கள் தேர்வு வேறு. கொல்லும் பரப்பைவிட ஒட்டவிடாத பரப்புக்கு முதலிடம் கொடுங்கள் என்கிறோம். செல் சவ்வின் தலைப்பகுதியைப் போலவே அமைந்த எம்.பி.சி. என்ற பாஸ்போரைல்கோலின் மெத்தக்ரிலேட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு புரதத்தை அண்டவிடாது. புரதம் படியாவிட்டால் பாக்டீரியாவுக்குப் பிடிமானம் இல்லை. செயற்கை இடுப்பு மூட்டின் உள்பூச்சாக இது ஏற்கெனவே மனித உடலில் இருக்கிறது. இதன் பலவீனம், மெல்லிய பூச்சாகப் போட்டால் பிரஷ் தேய்த்துவிடும், பிசினோடு கலந்தால் வலு இறங்கும் என்பதே. அந்தப் பலவீனத்தைச் சரிசெய்வதில் செலவழியுங்கள். மெத்தக்ரிலிக் அமிலத்தைச் சிறிது சேர்த்துப் பரப்புக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்தால் கேண்டிடா ஒட்டுவது குறைவதும் காட்டப்பட்டிருக்கிறது. அதே எதிர்மின் முனைகளில் குளோர்ஹெக்சிடின் போன்ற நேர்மின் மருந்தை ஏற்றிவைக்கலாம். தீர்ந்தால் மீண்டும் ஊறவைத்து ஏற்றலாம். இந்த வழி எங்களுக்கு நம்பிக்கை அளிக்கிறது. நோய் வந்த நாட்களுக்கு மட்டும் மருந்து, மற்ற நாட்களில் சாதாரணப் பல்செட்.

'99 சதவீதம்' எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். பிளாஸ்டிக் பரப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22196 சோதனையில் 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டின்மேல் 0.4 மில்லிலிட்டர் கிருமிக் கரைசல் விட்டு, படலத்தால் மூடி, 35 பாகையில் 24 மணி நேரம் வைத்து எண்ணுகிறார்கள். வழக்கமான கிருமிகள் ஈ. கோலையும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும். கேண்டிடா இல்லை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை, உமிழ்நீர் இல்லை. 500இல் ஒரு பங்காக நீர்த்த சத்துக் கரைசலில் கிருமி பட்டினி கிடக்கிறது. வீட்டுச் சாமான்களுக்கு இது பொருத்தமான சோதனையாக இருக்கலாம். வாயில் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வேளாவேளைக்கு உணவும் வருகிறது. 10 லட்சம் கிருமியில் 99 சதவீதம் செத்தால் 10,000 மிஞ்சும். ஏழு முறை இரட்டித்தால் அது 12 லட்சத்து 80 ஆயிரம். மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் ஏழு மணி நேரம், அதாவது ஓர் இரவுத் தூக்கம். 99.9 சதவீதம் செத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது மூன்று நான்கு மணி நேரம்தான். அட்டையில் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடும்போது இந்தக் கணக்கை யாரும் பக்கத்தில் போடுவதில்லை.

பழசானால் என்ன ஆகும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. பல்செட் ஐந்து ஆண்டுக்கு மேலும் வாயில் இருக்கிறது. பற்பசையிலுள்ள தேய்ப்புத் துகள் அக்ரிலிக்கில் கோடு கிழிக்கிறது. சோப்பும் மென்மையான பிரஷும்தான் ஏற்றவை. சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (பிளீச் திரவத்தில்) 10 நிமிடத்துக்கு மேல் ஊறவைக்க வேண்டாம் என்று அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர் கல்லூரியின் 2011 வழிகாட்டுதல் கூறுகிறது. மீறினால் நிறம் வெளுக்கும், உலோகச் சட்டம் இருந்தால் அரிக்கும். உங்கள் புதுப் பிசின் இந்தக் கழுவல்களை ஆயிரம் முறை தாங்கிய பிறகும் கிருமியைத் தடுக்கிறதா? சோதித்த துண்டு அன்று காலை செய்த துண்டு.

பல்செட்டின் உள்பக்கத்தில் மெத்தைபோல் ஒட்டும் மென்மையான லைனர்களைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அவை அடித்தளப் பிசினைவிட விரைவாகப் பூஞ்சை பிடிக்கும் என்பதை மறுப்பவர் இல்லை. மென்மை தரும் பிளாஸ்டிசைசர் வெளியேறிச் சொரசொரத்துக் கடினமாகும் நாள் எது என்று அட்டையில் போடுங்கள், போதும். முப்பரிமாண (3D) அச்சுப்பொறியில் அச்சிட்ட பல்செட்டில் 50 அல்லது 100 மைக்ரான் அடுக்குகள் வளைந்த அண்ணத்தில் படிக்கட்டாக விழுகின்றன. ஆல்கஹாலில் கழுவுவது குறைந்தால் இறுகாத பிசின் அந்தப் படிகளில் தங்கும். அதிக அழுத்தத்தில் முன்பே இறுக்கிய பிசின் வட்டிலிருந்து இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் பல்செட்டில் நுண்துளையும் மிச்ச மோனோமரும் குறைவு. எந்த நானோ துகளும் சேர்க்காமல் வெறும் செய்முறையாலேயே கிடைக்கும் நன்மை இது. ஆனாலும் பல்லைக் குழியில் ஒட்டும் கோட்டில் இடைவெளி விட்டால் ஆறே மாதத்தில் அங்கே கறுப்புக் கோடு தெரியும்.

எங்கள் பக்கக் கடமையும் இருக்கிறது. பழைய பல்செட் தேய்த்த பியூமிஸ் குழம்பிலேயே புதியதைத் தேய்த்தால் ஒருவர் வாய்க் கிருமியை இன்னொருவருக்கு நாங்களே கொடுத்தவர்களாவோம். தினமும் மாற்றுவதும், கிருமிநாசினி கலந்த நீரில் குழைப்பதும், பழுதுபார்க்க வரும் பல்செட்டுக்குத் தனித் தட்டும் தனிச் சக்கரமும் வைப்பதும் எங்கள் பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

உங்களிடம் கேட்பவை இவை.

தரம் வகுக்கும் குழுவினரே, அடுத்த திருத்தத்தில் கிருமி ஒட்டுதலுக்கென ஒரு பிரிவைச் சேருங்கள். சோதனைத் துண்டு ஜிப்சம் அச்சில், தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் இறுக்கிய, தேய்க்காத பரப்பாக இருக்கட்டும். அதன் சொரசொரப்பை அளந்து எழுதச் சொல்லுங்கள். உமிழ்நீரில் ஊறவைத்த பிறகே கிருமியை விட வேண்டும். கேண்டிடா ஆல்பிகன்ஸும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் தனித்தனியாகவும் சேர்ந்தும் வளர வேண்டும். 24 மணி நேரம், 72 மணி நேரம், 7 நாள் என்று மூன்று முறை எண்ண வேண்டும். எதுவும் சேர்க்காத அதே பிசின் பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். ஒப்பீடு இல்லாத எண்ணை ஏற்காதீர்கள்.

அதே துண்டுகளை 37 பாகைத் தண்ணீரில் ஆறு மாதம் வைத்து, பிரஷாலும் கழுவும் மாத்திரையாலும் ஹைப்போகுளோரைட்டாலும் பழசாக்கி மறுபடி சோதிக்க விதி செய்யுங்கள். 65 மெகாபாஸ்கல் வலுவையும் கிருமித் தடுப்பையும் ஒரே தொகுதித் துண்டுகள், பழசான பிறகு, சேர்ந்தே காட்ட வேண்டும். ஒரு தொகுதியில் வலுவையும் வேறொரு தொகுதியில் கிருமித் தடுப்பையும் காட்டித் தேர்ச்சி பெறும் வழி அடைபட வேண்டும்.

தயாரிப்பாளர்களே, எதையாவது கரையவிட்டுக் கொல்லும் பொருளாக இருந்தால் முதல் 28 நாட்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை மைக்ரோகிராம் வெளியேறுகிறது என்பதை வெளியிடுங்கள். மனித ஈறுச் செல்கள் அந்த அளவைத் தாங்குகின்றனவா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். எச்சிலில் விழுங்குவது எங்கள் நோயாளிகள்.

டப்பாவின் வெளியே, கிருமியின் பெயர், நேரம், உமிழ்நீர் உண்டா இல்லையா, பரப்பின் சொரசொரப்பு ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். இந்த நான்கும் இல்லாத 'கிருமி எதிர்ப்பு' வாசகத்தை இப்போது விற்பனையில் உள்ள டப்பாக்களிலிருந்தும் நீக்குங்கள். இதற்குத் தரம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வழிமுறைத் தாளில் இறுக்கும் சூடும் நேரமும் எழுதும் இடத்திலேயே, குறுக்குவழியில் செய்தால் தடித்த பகுதியில் விழும் துளையின் வெட்டுப் படத்தையும் போடுங்கள். இரவில் கழற்றி, துலக்கி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்ற வரி 'கிருமி எதிர்ப்பு' டப்பாக்களில் காணாமல் போய்விடுகிறது. அந்த வரியை, மற்ற டப்பாக்களில் இருப்பதைவிடப் பெரிய எழுத்தில், திரும்பக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பல்செட் செய்யும் ஆய்வகத் தொழில்நுட்பர்களும் செயற்கைப்பல் மருத்துவர்களும்